மியாமி குழுவின் பாடகர்

அயர்லாந்தில் 1960களில் ‘ஷோபேண்ட்’ எனும் இசைக்குழுக்கள் வேனில் ஊர் ஊராகச் சென்று நடனக் கூடங்களில் பாடி வந்தன. வாரமெல்லாம் உழைத்த இளைஞர்களுக்கு அதுவே கொண்டாட்டம். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று மியாமி. அதன் பாடகர், பிரே என்னும் கடற்கரை ஊரைச் சேர்ந்த ஃபிரான் ஓ'டூல். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்திருந்த குழு அது. வட அயர்லாந்திலோ அப்போது இரு பிரிவினருக்கும் இடையே இரத்தம் சிந்திக்கொண்டிருந்தது.

1975 ஜூலை 31, பின்னிரவு. வடக்கே பேன்பிரிட்ஜில் பாடிவிட்டு டப்ளின் திரும்புகையில், இராணுவ உடையணிந்தோர் வேனை நிறுத்தினர். சோதனை வழக்கம்தானே என்று ஐவரும் இறங்கி நின்றனர். நிறுத்தியவர்களோ புராட்டஸ்டண்டு தீவிரவாதிகள். அவர்களுள் சிலர் மெய்யாகவே படைவீரர்கள் என்பதுதான் கொடுமை! வேனில் அவர்கள் ஒளித்துவைத்த குண்டு முன்னதாகவே வெடித்து, அவர்களிலேயே இருவர் மாண்டனர். மற்றவர்கள் கலைஞர்களைச் சுட்டனர். ஃபிரானும், டோனி ஜெராட்டியும், பிரையன் மெக்காயும் இறந்தனர். மெக்காய் புராட்டஸ்டண்டு. தப்பிய இருவருக்கும் ஃபிரான், மெக்காய் ஆகியோரின் குடும்பங்களுக்கும் 2021இல் இழப்பீடு கிடைத்தது.