முழங்கால் ஜவ்வு கிழிந்தால் வயது ஒரு தடையா?

பிரம்மதேசம், மரக்காணம், திண்டிவனம் வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் நம்மில் பெரும்பாலோர் கல்லாவில் மட்டும் உட்கார்ந்திருப்பவர்கள் அல்லர். ஐம்பதைத் தாண்டியும் அரிசி மூட்டையும் உப்பு மூட்டையும் இறக்குகிறோம். மொபெட்டில் சரக்கைக் கட்டிக்கொண்டு வருகிறோம். சுமையோடு படியிறங்கும்போது பாதம் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால் போதும். 'டப்' என்றொரு சத்தம், சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிடும். ஜவ்வு கிழிந்துவிட்டது என்கிறோமே, அது இதுதான். மருத்துவர்கள் லிகமென்ட் என்பார்கள்.

எக்ஸ்ரே எடுத்து, 'எலும்பு முறியவில்லை' என்று கேட்டதும் நிம்மதியாகத் திரும்பிவிடுகிறோம். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. மருத்துவர் காலை மடக்கி இழுத்துப் பார்த்தும், எம்.ஆர்.ஐ. எடுத்தும்தான் கண்டறிய வேண்டும். எண்ணெய் தேய்த்து இழுத்துவிடுவது ஆகவே ஆகாது.

முழங்காலில் முக்கிய ஜவ்வுகள் நான்கு. உட்பக்க ஜவ்வு கிழிந்தால் பெரும்பாலும் பட்டை அணிந்து ஓய்வெடுத்தாலே சேர்ந்துவிடும். மூட்டின் நடுவிலுள்ள முன் ஜவ்வு முழுவதும் அறுந்தால் தானாகச் சேர்வது அரிது. வலி போய்விடும், ஆனால் படியிறங்கும்போது கால் திடீரென விலகும். விலகும் ஒவ்வொரு முறையும் மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு அடிபடும். அறுந்தது அசல் நட்டம் என்றால் இது அதன்மேல் ஏறும் வட்டி.

'இந்த வயதில் ஆபரேஷனா?' என்று வீட்டார் தயங்குவது இயல்பே. 1895-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற மருத்துவர் அறுந்த ஜவ்வைத் தைத்து வேலைக்கு அனுப்பியது விளையாட்டு வீரரை அல்ல, 41 வயதுச் சுரங்கத் தொழிலாளியை! இன்று தைப்பதைவிட, நம் தொடையிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து, சிறு துளைகள் வழியாகப் புது ஜவ்வாகப் பொருத்துவதே வழக்கம். ஐம்பது கடந்தவர்களுக்கும் இது செய்யப்படுகிறது. வயதை மட்டும் வைத்து மருத்துவர் முடிவு செய்வதில்லை. முதலில் சில மாதம் பயிற்சி கொடுத்துப் பார்ப்பார். தொடைத்தசை வலுப்பெற்று மூட்டு நிலையாக நின்றால் கத்தியே தேவையில்லை. அப்போதும் கால் விலகினால்தான் அறுவை சிகிச்சை.

குருத்தெலும்பு ஏற்கெனவே தேய்ந்தவர்களுக்குப் புது ஜவ்வு அவ்வளவாகப் பயன்தராது. அவர்களுக்கு மூட்டு மாற்று சிகிச்சை தேவைப்படலாம். வாஜ்பாய் அவர்கள் பிரதமராக இருந்தபோது 2000-லும் 2001-லும் செய்துகொண்டது அதுவே. இரண்டும் வேறு வேறு.

சர்க்கரை கட்டுக்குள் இருப்பது அவசியம். புகை பிடிப்பவர் நிறுத்திவிட வேண்டும். சில வாரங்களில் கல்லாவில் உட்காரலாம். மூட்டை தூக்க ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகலாம். புது ஜவ்வு எலும்போடு பிடித்து உறுதிப்பட அவ்வளவு காலம் வேண்டும். தீபாவளி, பொங்கல் வியாபாரத்தைக் கணக்கிட்டு, கடைக்கு ஆள் ஏற்பாடு செய்துகொண்டு நாள் குறிப்பது நல்லது.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் எலும்பியல் பிரிவுகள் உள்ளன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்தார், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தமக்குரிய சிகிச்சை அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டறியலாம். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கையில் இருக்கட்டும்.