பற்றவைப்பில் வெப்பக் கட்டுப்பாடு

நாட்டின் மின் உற்பத்தியில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியையே சார்ந்துள்ளது. இந்நூற்றாண்டில் நிறுவப்பட்டுள்ள 660, 800 மெகாவாட் அலகுகளில் நீராவியின் அழுத்தம் 221 பார் என்னும் மாறுநிலை அளவைக் கடந்தும், வெப்பநிலை 540 டிகிரி செல்சியசுக்கு மேலாகவும் இருக்கும். இவை உயர உயர, ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் செலவாகும் நிலக்கரி குறைகிறது. சாதாரண எஃகு இந்நிலையை நெடுங்காலம் தாங்காது. எனவே 9 விழுக்காடு குரோமியமும் 1 விழுக்காடு மாலிப்டினமும், சிறிதளவு வனேடியமும் நையோபியமும் கலந்த பி-91 எஃகுக் குழாய்கள் பயன்படுத்தப்படுகின்றன.

வலிமை மிகுந்த இவ்வெஃகு, பற்றவைக்கும்போது மிகுந்த கவனத்தை வேண்டி நிற்கிறது. உருகிய உலோகம் குளிரும்போது, மார்ட்டென்சைட் என்னும் கடினமான, எளிதில் நொறுங்கும் அமைப்பு உண்டாகிறது. மின்முனைப் பூச்சிலுள்ள ஈரத்திலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் அதனுள் சிக்கிக்கொண்டால், பணி முடிந்து பல மணி நேரம் கழித்துங்கூட வெடிப்பு தோன்றலாம். உடனடிச் சோதனையில் குறையற்றதாகத் தோன்றிய இணைப்பு மறுநாள் பிளந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

மூன்று கட்டங்கள்

முதலாவது, முன்சூடாக்கல். பற்றவைக்கும் முன்பே குழாயைச் சுமார் 200 டிகிரிக்குக் குறையாமல் சூடேற்றி, பணி முடியும்வரை அந்நிலையில் வைத்திருக்க வேண்டும். இதனால் ஹைட்ரஜன் வெளியேற அவகாசம் கிடைக்கிறது. மின்முனைகளையும் அடுப்பில் உலர்த்தியே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, அடுக்குகளுக்கு இடைப்பட்ட வெப்பநிலை. ஓர் அடுக்கின்மேல் அடுத்த அடுக்கை இடுமுன் வெப்பம் ஏறக்குறைய 300 டிகிரிக்கு மேற்படலாகாது.

மூன்றாவது, பின்வெப்பச் செயல்முறை. இணைப்பை முதலில் 100 டிகிரிக்கும் கீழே மெல்லக் குளிரவிட வேண்டும். அப்போதுதான் மார்ட்டென்சைட் மாற்றம் முழுமையடையும். பின்னர் சுமார் 760 டிகிரியில் உரிய நேரம் நிறுத்தினால், கடினம் தணிந்து உறுதி உண்டாகும். குளிருமுன்பே இதைத் தொடங்கினாலும், வெப்பம் 800 டிகிரியைத் தாண்டினாலும், பதப்படாத மார்ட்டென்சைட் மீண்டும் உருவாகும். வெப்பம் குறைந்தாலோ, இணைப்பு நொறுங்கும் தன்மையுடனேயே நின்றுவிடும்.

நிருவாகத்தின் பொறுப்பு

இப்பணிக்கு மின்தடைச் சூடேற்றிகளும், குழாயில் பொருத்தப்படும் வெப்ப இரட்டைகளும், வெப்பநிலையை இடைவிடாது பதியும் கருவியும் தேவை. தடித்த குழாயாயின் ஓர் இணைப்பை முடிக்கப் பல மணி நேரமாகும். கால அட்டவணையின் நெருக்கடியில் முதலில் சுருக்கப்படுவது பெரும்பாலும் இந்நேரமே. இடையில் மின்சாரம் தடைப்பட்டு இணைப்பு குளிர்ந்துவிடுவதும் உண்டு. மாற்று மின்னாக்கி இல்லாத பணியிடத்தில் திறமை மிக்க தொழிலாளியும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

சில மணி நேரச் சூடேற்றத்தில் மிச்சப்படுத்தும் தொகை சிறிது. நீராவிக் குழாய் வெடித்தால் ஏற்படும் உற்பத்தி இழப்போ பெரிது. அருகில் பணிபுரிவோரின் உயிருக்கு ஈடு எதுவுமில்லை. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2025-இல் கொதிகலன்கள் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எனினும் சட்டத்தின் நோக்கம் பணியிடத்தில்தான் நிறைவேற வேண்டும். இணைப்பை ஏற்றுச் சான்றளிக்கும் அலுவலர், அதன் வெளித்தோற்றத்தோடு நில்லாது வெப்பநிலைப் பதிவுத் தாளையும் கேட்டுப் பார்ப்பதே அதற்கு முதற்படியாகும்.