லண்டன் படிப்பு: அட்வான்ஸ் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே செல்போனில் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். 'ஐ.இ.எல்.டி.எஸ் வேண்டாம்', 'பார்ட் டைம் வேலையிலேயே ஃபீஸ் கட்டலாம்', 'குடும்பத்தோடு போகலாம்' என்று வரிசையாக வரும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என நம் கடற்கரை ஊர்களில் பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்க நினைக்கும் வீடுகள் இப்போது நிறைய. பிரிட்டனில் படிப்பது நல்ல வாய்ப்புதான். ஆனால் அதற்கான விதிகள் எல்லாம் பிரிட்டிஷ் அரசின் 'கவ் டாட் யூகே' இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நகையை அடகு வைக்கும் முன் அதைப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. கட்டண விவரங்கள் 2025-26 நிலவரம்.

டிகிரிக்கே போறதா, மாஸ்டர்ஸுக்குப் போறதா?

இங்கிலாந்தில் இளநிலைப் படிப்பு பெரும்பாலும் 3 ஆண்டு, ஸ்காட்லாந்தில் 4 ஆண்டு. முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஒரே ஆண்டு. இளநிலையை இங்கே முடித்துவிட்டு முதுநிலைக்கு மட்டும் அங்கே போனால் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

ஓர் உதாரணம். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கடல் சார்ந்த படிப்பில் ஆசை என்று வைத்துக்கொள்வோம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் இளநிலை படிக்கலாம். பிறகு மீன் வளர்ப்புக்கு ஸ்டிர்லிங், கடலியலுக்கு சவுத்தாம்ப்டன், கடல் உயிரியலுக்கு பிளிமத் என்று முதுநிலைக்குத் தேடலாம். அப்போதும் பெயரை மட்டும் பார்க்காமல் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். ஸ்காட்லாந்தில் பெரிய தொழில் சால்மன் மீன் வளர்ப்பு. நம் பக்கம் இறாலும் கடல்பாசியும். வெப்பக் கடல் பற்றிய பாடம் எவ்வளவு இருக்கிறது என்று அந்தத் துறைக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம்.

பிரிட்டன் போகாமலே அந்தப் பட்டம் பெறும் வழியும் வந்திருக்கிறது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2025-ல் டெல்லி அருகே குருகிராமில் வளாகம் தொடங்கிவிட்டது.

யுனிவர்சிட்டி உண்மையானதுதானான்னு எப்படிப் பார்க்கிறது?

வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் கவ் டாட் யூகே-யில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாத கல்லூரி தரும் சேர்க்கையை வைத்து மாணவர் விசா எடுக்க முடியாது. இதுதான் முதல் சோதனை.

அடுத்து, எந்த ஊர் வளாகம் என்று பாருங்கள். வேறு ஊரில் இருக்கும் சில பல்கலைக்கழகங்கள் லண்டனில் கிளை வளாகம் நடத்துகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றுதான். ஆனால் நூலகம், ஆய்வகம், விடுதி வசதிகள் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. லண்டனில் வாடகையும் அதிகம். ஆஃபர் லெட்டரில் வளாகத்தின் பெயரைத் தேடிப் படியுங்கள்.

ஏஜென்ட் இல்லாம அப்ளை பண்ண முடியுமா?

தாராளமாக முடியும். இளநிலைக்கு 'யூகாஸ்' என்ற ஒரே தளம். ஒரு விண்ணப்பத்தில் 5 படிப்புகள் வரை தேர்வு செய்யலாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஏதாவது ஒன்றுக்குத்தான் ஒரே ஆண்டில் போட முடியும். இந்த இரண்டுக்கும் மருத்துவப் படிப்புக்கும் கடைசி நாள் அக்டோபர் 15. மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி நடுப்பகுதி. முதுநிலைக்குப் பெரும்பாலும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

ஏஜென்டிடம்தான் போவேன் என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மாணவரைச் சேர்த்துவிட்டால் ஏஜென்டுக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் தருகிறது. அதனால் எந்தப் பல்கலைக்கழகத்தோடு அவருக்கு ஒப்பந்தமோ, அதைத்தான் அவர் முதலில் காட்டுவார். பல்கலைக்கழகங்கள் தங்கள் அதிகாரப்பூர்வ பிரதிநிதிகளின் பெயர்களை நாடு வாரியாக இணையதளத்தில் போடுவது வழக்கம். அதில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபீஸை ஏஜென்ட் கணக்கில் போடாதீர்கள். பல்கலைக்கழகம் காட்டும் வழியில் மட்டும் கட்டுங்கள். விசா கிடைக்காவிட்டால் டெபாசிட் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

'ஐ.இ.எல்.டி.எஸ் வேண்டாம்' என்பது பாதி உண்மை. பட்டப்படிப்பு நிலையில் மாணவரின் ஆங்கிலத் தகுதியைப் பல்கலைக்கழகமே மதிப்பிட விதி இடம் தருகிறது. சில இடங்களில் பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணை ஏற்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள். உங்கள் போர்டையும், எத்தனை மதிப்பெண் என்பதையும் குறிப்பிட்டு முன்பே கேளுங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஒரு ஆண்டு முதுநிலைக்குக் கணக்கு போடுவோம். இடம் லண்டனுக்கு வெளியே. கல்விக் கட்டணம் உதாரணத்துக்கு 18,000 பவுண்டு. ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

- கல்விக் கட்டணம்: 18,000 பவுண்டு
- 9 மாத வாழ்க்கைச் செலவு, மாதம் 1,171 வீதம்: 10,539 பவுண்டு
- விசா கட்டணம்: 524 பவுண்டு
- மருத்துவக் கூடுதல் கட்டணம்: 1,164 பவுண்டு

ஆக மொத்தம் 30,227 பவுண்டு. ரூபாயில் 36 லட்சத்துக்கு மேல். விமான டிக்கெட், கம்பளி உடை, மீதி மாதங்களின் வாடகை எல்லாம் தனி. லண்டன் என்றால் வாழ்க்கைச் செலவுக் கணக்கு மாதம் 1,529 பவுண்டு.

மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டுதான். ஆனால் ஓர் ஆண்டு முதுநிலைக்கான விசா படிப்புக் காலத்தைத் தாண்டிச் சில மாதங்கள் நீளும் என்பதால் அரை ஆண்டுக் கட்டணமும் சேர்ந்துவிடுகிறது. ஏஜென்டுகள் காட்டும் கணக்கில் இது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாமல் நின்றபோது, அவருடைய சகோதரி ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அப்போது தேவைப்பட்டது ஆயிரம் ரூபாய் அளவு. படிப்புக்காக நகையை எடுத்துக் கொடுக்கும் மனசு நம் வீடுகளில் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. தேவைப்படும் தொகைதான் மாறிவிட்டது. அதனால்தான் இந்தக் கணக்கைக் குடும்பமே உட்கார்ந்து முதலில் போட வேண்டும் என்கிறோம்.

சித்தப்பா துபாய்ல இருக்காரு, அவர் அக்கவுண்டைக் காட்டலாமா?

காட்ட முடியாது. நம் பகுதி விண்ணப்பங்களுக்கு மிக முக்கியமான விதி இது. முதல் ஆண்டுக் கட்டணத்தில் கட்டவேண்டிய பாக்கியும், 9 மாத வாழ்க்கைச் செலவும் மாணவர் பெயரிலோ, பெற்றோர் அல்லது சட்டப்பூர்வ பாதுகாவலர் பெயரிலோ வங்கியில் இருக்க வேண்டும். திருமணமானவர் என்றால் துணைவர் கணக்கும் செல்லும். சித்தப்பா, மாமா, அண்ணன் கணக்கு செல்லாது. உதவி செய்ய நினைக்கும் உறவினர், பணத்தை முன்கூட்டியே உங்கள் கணக்குக்கு அனுப்பிவிட வேண்டும்.

அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். படகு வேலை, வலை, டீசல் என்று கணக்கில் பணம் போய்வந்துகொண்டே இருக்கும் வீடுகளில் இதற்கென்று தனிக் கணக்கு வைப்பது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. செப்டம்பர் சேர்க்கைக்குப் பணம் காட்ட வேண்டிய நேரம் அதை ஒட்டியே வரும். தடைக்காலச் செலவுக்கு இந்தப் பணத்தில் கை வைக்காதபடி திட்டமிடுங்கள்.

நகை, நிலம், பங்குகள் இவற்றின் மதிப்பைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். போலி பேங்க் ஸ்டேட்மென்ட் தயாரித்துக் கொடுப்பதாக யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். பொய்யான ஆவணம் கொடுத்தது தெரிந்தால் 10 ஆண்டு வரை பிரிட்டன் விசாவே கிடைக்காமல் போகலாம்.

கடனும் ஸ்காலர்ஷிப்பும் எங்கே கிடைக்கும்?

கல்விக்கடன் 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். கடற்கரைப் புறம்போக்கில் உள்ள வீட்டுக்குப் பட்டா இல்லை என்றால் அடமானமாக ஏற்பது கடினம். அதனால் கல்லூரி தேடும் முன்பே வங்கிக் கிளையில் பேசிவிடுங்கள். 'வித்யாலட்சுமி' தளத்தில் பல வங்கிகளுக்கு விண்ணப்பிக்கலாம். 'பி.எம். வித்யாலட்சுமி' என்ற புதிய திட்டம் இந்தியக் கல்லூரிகளுக்கு மட்டும். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. முதுநிலைக்கும் முனைவர் படிப்புக்கும் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் பிரிவு மாணவர்கள், டாப்செட்கோ, டாம்கோ கல்விக்கடன் பற்றி மாவட்ட பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்கலாம். பட்டியல் இனத்தவருக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

வேலை அனுபவம் உள்ளவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசின் 'செவனிங்' உதவித்தொகை. ஓர் ஆண்டு முதுநிலைக்கு முழுச் செலவும் தருவார்கள். இரண்டு ஆண்டு வேலை அனுபவம் தேவை. படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும்.

அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைச்சிடலாமா?

பட்டப்படிப்பு மாணவர் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 21 வயது ஆனவருக்கான குறைந்தபட்சக் கூலி 2025-26-ல் மணிக்கு 12.21 பவுண்டு. ஒரு வாரம்கூட விடாமல் உழைத்தாலும் மாதம் சுமார் 1,058 பவுண்டு. லண்டனுக்கு வெளியே வாழ்க்கைச் செலவுக்கே 1,171 என்று அந்த நாட்டு அரசு கணக்கு வைத்திருக்கிறது. சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே பற்றாத பணத்தில் ஃபீஸ் எப்படிக் கட்டுவது? சுயதொழிலும் கூடாது. ஆப் மூலம் சுயதொழிலாகச் செய்யும் உணவு டெலிவரியும் இதில் அடங்கும்.

படிப்புக்குப் பிறகு வேலை தேட 'கிராஜுவேட் ரூட்' விசா இருக்கிறது. இப்போது 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டத்துக்கு மட்டும் 3 ஆண்டு தொடரும். இனிச் சேர்பவர்கள் 18 மாதக் கணக்கை வைத்தே திட்டமிட வேண்டும்.

'குடும்பத்தோடு போகலாம்' என்பது 2024 ஜனவரி 1-க்குப் பிறகு பெரும்பாலும் நடக்காது. முனைவர் படிப்பு போன்ற ஆராய்ச்சி நிலை மாணவர்களும், அரசு உதவித்தொகையில் போகும் சிலரும்தான் மனைவி, கணவர், பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

பாஸ்போர்ட்ல இனிஷியல் பிரச்சினை வருமா?

வரும், ஆனால் முன்பே சரி செய்யலாம். நம் மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலைப் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். விண்ணப்பம், சேர்க்கைக் கடிதம், விசா எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே அப்படியே வர வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்க பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய்.

பெற்றோர் கணக்கைக் காட்டினால் பிறப்புச் சான்றும், பெற்றோரின் சம்மதக் கடிதமும் வைக்க வேண்டும். பழைய பிறப்புச் சான்றில் பெயர் இல்லாமல் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தால் உடனே உள்ளாட்சி அலுவலகத்தை அணுகுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்றுக்கு இ-சேவை மையம் போதும்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் கட்டாயம். பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும். இதற்கும் கைரேகை பதிவுக்கும் பெரும்பாலும் சென்னை போக வேண்டியிருக்கும்.

திரும்பி வந்தா அந்த டிகிரி இங்கே செல்லுமா?

2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் பட்டங்களைப் பரஸ்பரம் அங்கீகரிக்க ஒப்பந்தம் செய்தன. ஓராண்டு முதுநிலையும் அதில் அடங்கும். ஆனால் மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம், பொறியியல், கட்டடக்கலை போன்ற தொழில்முறைப் பட்டங்கள் இந்த ஒப்பந்தத்தில் இல்லை. அந்தப் படிப்புகளுக்குப் போகிறவர்கள் இங்குள்ள கவுன்சிலின் விதியைப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

எதை எப்போ செய்யணும்?

செப்டம்பரில் சேர வேண்டும் என்றால் முந்தைய ஆண்டு ஜூலையிலேயே பாஸ்போர்ட், பிறப்புச் சான்று வேலைகளைத் தொடங்குங்கள். செப்டம்பர் முதல் ஜனவரிக்குள் விண்ணப்பமும் ஸ்காலர்ஷிப்பும். பிப்ரவரி, மார்ச்சில் வங்கிக் கடன். மே, ஜூனில் 28 நாள் இருப்பு. படிப்பு தொடங்க 6 மாதம் இருக்கும்போதே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், முடிவு பொதுவாக 3 வாரத்தில் வரும். கிளம்பும் முன் அயலகத் தமிழர் நல வாரியத்திலும், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்திலும் பதிவு செய்துவிடுங்கள். அங்கே ஏதாவது சிக்கல் என்றால் உதவி கேட்க அது வழியாக இருக்கும்.