பட்டறையிலா, களத்திலா? குழாய்ப் பணியும் அதன் சொற்களும்

தமிழ்த் தொழிலாளர்களுக்கான கையேடு ஒன்றின் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் பணி சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்தது. ஆலைக் குழாய்களை இணைப்பது பற்றிய பகுதியில் ‘கடைப் பற்றவைப்பு’, ‘வயல் பற்றவைப்பு’ என்று இருந்தது. ‘ஷாப்’, ‘ஃபீல்டு’ என்பவற்றுக்கு அகராதியின் முதற்பொருளை அப்படியே எடுத்துவைத்ததன் விளைவு அது. ‘பட்டறை’, ‘களம்’ எனத் திருத்தினோம். ஆனால், எந்த வேலையைப் பட்டறையில் முடிப்பர், எதைக் களத்துக்கு விடுவர் என்று அறியாமல் அடுத்த பக்கத்தைத் தொட நம்மால் இயலவில்லை.

ஜூரோங் தீவு போன்ற இடங்களிலுள்ள ஆலைகளில் குழாய்த்தொடர் முழுவதையும் ஓரிடத்திலேயே செய்துவிடுவதில்லை. நேர்க்குழாய், வளைவு, ஃபிளேஞ்ச் ஆகியவற்றை இணைத்துச் சிறு பகுதிகளாக்குவர். அப்பகுதியைத் தொழிலாளர் ‘ஸ்பூல்’ என்பர்.

பட்டறையில் பற்றவைப்பவர் ஓரிடத்தில் இருக்க, குழாய் உருளைகளின்மேல் சுழலும். உருகிய உலோகம் எப்போதும் மேலிருந்தே இடுக்கில் படியும். களத்தில் குழாய் அசையாது. அதே தொழிலாளி சாரத்தில் நின்று, குழாயின் அடிப்புறத்தை அண்ணாந்து பார்த்தபடி பற்றவைக்க வேண்டும். காற்று வீசினால் உருகிய உலோகத்தைக் காக்கும் வாயு கலைந்து, பற்றவைப்பில் நுண்துளைகள் விழும். நம் பகுதியின் பிற்பகல் மழையைச் சொல்ல வேண்டியதில்லை. இயங்கும் ஆலையாயின் நெருப்பு வேலைக்குத் தனி அனுமதியும் தேவை. எனவே இயன்றவரை இணைப்புகளைப் பட்டறைக்குள் கொண்டுவருவதே வழக்கம்.

எல்லாவற்றையும் கொண்டுவர முடியாதா? முடியாது. மூன்று திசையிலும் கிளைத்த ஸ்பூல் லாரியில் ஏறாது. சிறு விட்டக் குழாய்களைப் பெரும்பாலும் இடத்தைப் பார்த்தே வளைத்துச் செலுத்துவர். எல்லாவற்றிலும் முக்கியமான காரணம் வேறு. வரைபடத்தில் உள்ள இடத்திலேயே பம்பு வந்து நிற்பதில்லை. அடித்தளம் சில மில்லிமீட்டர் விலகியிருக்கும். அளவு பிசகிய குழாயைப் போல்ட்டு முறுக்கி இழுத்துச் சேர்த்தால், அந்த இழுவிசை பம்பின் அச்சையே கோணலாக்கிவிடும். ஆதலால் கடைசி ஸ்பூலின் ஒரு முனையை வேண்டுமென்றே சற்று நீளமாக விட்டு அனுப்பி, களத்தில் அளந்து, வெட்டி, பற்றவைப்பர்.

நமது சிக்கல் இங்கேதான் இருந்தது. வரைபடத்தில் ‘எஸ்.டபிள்யூ.’ என்பது சில அலுவலகங்களில் பட்டறைப் பற்றவைப்பு. வேறு சிலவற்றில் குழாய்முனையை ஒரு குழிக்குள் செருகிச் செய்யும் ‘சாக்கெட்’ பற்றவைப்பு. ‘எஃப்.டபிள்யூ.’ களப் பற்றவைப்பாகவும் இருக்கலாம். மூலையில் இடும் ‘ஃபில்லெட்’ பற்றவைப்பாகவும் இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லை எங்கும் இட்டிருந்தார். அதை நம்பிய தொழிலாளி மிகைநீளத்தைப் பட்டறையிலேயே வெட்டிவிட்டால் ஸ்பூல் குட்டையாகிவிடும். இடையில் ஒரு துண்டைச் சேர்க்க வேண்டிவரும். களத்தில் ஒன்றாக இருந்த இணைப்பு இரண்டாகும்.

‘களம்’ என்பதற்குப் பதிலாகத் ‘தளம்’ என்று இடலாம் என்றனர் சிலர். கப்பலின் தளமா, கட்டடத்தின் தளமா என்ற ஐயம் எழுமென நாம் ஏற்கவில்லை. தொழிலாளரோ இரண்டையும் விடுத்துச் ‘சைட்’ என்றே வழங்குகின்றனர். அதையும் அருகில் அச்சிட்டோம். களத்தில் அளந்து வெட்டும் அந்தக் கடைசி இணைப்புக்குக் கலைச்சொல் தேடுவதைக் கைவிட்டு, ஒரு வாக்கியமாகவே எழுதினோம்: ‘இந்த முனையைப் பட்டறையில் வெட்டாதீர்கள், சைட்டில் அளந்தபின் வெட்டுங்கள்.’