ஏழூர் வலம்: காவிரிக் கரையோர நடைவழி

இங்கிலாந்தின் சிற்றூர்கள் வழியே தேம்ஸ் ஆற்றை ஒட்டி ஏறக்குறைய 300 கிலோமீட்டர் செல்லும் நெடும்பாதை 1996இல் திறக்கப்பட்டது. தஞ்சைக்கு வடக்கே, காவிரியையும் அதன் கிளையான குடமுருட்டியையும் சார்ந்த ஏழு ஊர்களை இணைக்கும் வழி அதனினும் மிகக் குறுகியதாயினும், பல்லக்கின் பின்னே தலைமுறைகளாக மக்கள் நடந்து நிலைபெற்றது.

சப்தஸ்தானம், அதாவது ஏழு தலங்களின் தொகுதி, எனப்படும் இவ்விழாவில், சித்திரை மாதத்தில் திருவையாற்று ஐயாறப்பரும், பங்குனியில் திருமழபாடியில் சுயசாம்பிகையை மணந்த நந்தியும் பல்லக்குகளில் புறப்பட்டு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என இன்று வழங்கும் திருநெய்த்தானம் ஆகிய ஊர்களைச் சுற்றித் திரும்புவர். அத்திருமணத்திற்குப் பழனத்திலிருந்து பழமும், சோற்றுத்துறையிலிருந்து சோறும், நெய்த்தானத்திலிருந்து நெய்யும் வந்தன என்பது தலமரபு. அண்டை ஊர்கள் சீர் கொடுத்து உறவு பேணிய வழக்கத்தையே இக்கதை தெய்வத்தின் மேல் ஏற்றிச் சொல்கிறது எனக் கொள்ளலாம்.

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை பாசனத்திற்காக வழக்கமாக ஜூன் 12 அன்றே திறக்கப்படுவதால், சித்திரையில் ஆற்றுப்படுகை பெரும்பாலும் மணற்பரப்பாகவே கிடக்கும். வெயிலில் அதைக் கடந்து வருவோர்க்கு ஊர்தோறும் நீர்மோரும் பானகமும் வழங்கப்படும். மற்ற ஆறு ஊர்களின் பல்லக்குகளும் வழியில் இணைந்துகொள்ள, ஏழும் திருவையாற்றில் கூடும்போது, பொம்மையொன்று அவற்றின் மேல் பூச்சொரியும் நிகழ்ச்சியுடன் விழா நிறைவுறுகிறது.