படகில் ‘எக்கோ சவுண்டர்’ மாட்டப் போறீங்களா? துளை போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கடலை மிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் தாண்டிக் கிழக்கே போனால், கரிசல்காடு முடிந்து வேம்பார் கடல் வந்துவிடும். இந்தப் பக்கத்து ஃபைபர் படகுகளுக்குப் பெரிய சவால், தண்ணீருக்கு அடியில் கிடக்கும் ‘பார்’. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகளே கடலில் மூழ்கிக் கிடக்கின்றன. புரொப்பல்லர் பாரில் அடித்தால் நடுக்கடலில் தவிக்க வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி, ‘இத்தனை பாகம்’ என்று ஆழம் பார்த்தார்கள். இப்போது அந்த வேலையை எக்கோ சவுண்டர் செய்கிறது. அதன் காது, டிரான்ஸ்டியூசர். அது அனுப்பும் ஒலி, கடல்நீரில் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போய்த் தரையில் பட்டுத் திரும்பும். 15 மீட்டர் ஆழம் என்றால், போய்வர 0.02 விநாடி போதும்!

ஆனால், காற்றுக்குமிழி குறுக்கே வந்தால் ஒலி அங்கேயே சிதறிவிடும். அதனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், பொருத்தும் இடம்தான் முக்கியம்.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

* படகின் பின்பலகையில், வேகமாகப் போகும்போதும் தண்ணீருக்குள் இருக்கும்படி பொருத்துங்கள்.

* புரொப்பல்லரிலிருந்து 40 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும். அடிப்பகுதியில் வரிப்பு, ஆணி இருந்தால் அதற்கு நேர் பின்னால் வேண்டாம். அங்கே நுரை கிளம்பும்.

* துளைகளைப் படகுக்கான சீலன்ட் வைத்து அடையுங்கள். இல்லையென்றால் நீர் இறங்கி, உள்ளே இருக்கும் பலகை உளுத்துவிடும்.

* ஒயரை இன்ஜின் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். திரையில் புள்ளி புள்ளியாக வரும்.

துளை போட மனசில்லையா? கெட்டியான ஃபைபர் என்றால், உட்புறமாகவே எபாக்ஸியால் ஒட்டும் வகை டிரான்ஸ்டியூசரும் இருக்கிறது. பசையில் குமிழி இருக்கவே கூடாது. மரப்படகிலும், நடுவில் ஃபோம் வைத்த படகிலும் இந்த வழி சரிப்படாது.

மாட்டியதும் முதலில் மெதுவாக, பிறகு வேகமாக ஓட்டிப் பாருங்கள். வேகம் கூடும்போது ஆழ எண் மறைந்தால், சாய்வையும் உயரத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள்.

கடைசியாக, மறக்கவே கூடாத ஒன்று: சாதாரண எக்கோ சவுண்டர் படகுக்கு நேர் கீழே உள்ள ஆழத்தைத்தான் சொல்லும், முன்னால் வரும் பாரைக் காட்டாது. எண் மளமளவென்று குறைகிறதா? உடனே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்!