ஒரே இன்ஜினில் இரண்டு துரு

பழைய புல்லட் 350-இன் இன்ஜினை இறக்கி மேசைமேல் வைத்தால் முதலில் கண்ணில் படுவது நிறங்கள். நடுவில் உள்ள சிலிண்டர் செம்பழுப்பாக இருக்கும். மேலே உள்ள ஹெட்டும் கீழே உள்ள கிரான்க் கேஸும் மங்கிப்போய், அங்கங்கே வெள்ளைப் பொடி பூத்துக் கிடக்கும். சிலிண்டர் வார்ப்பிரும்பு, மற்றவை அலுமினியக் கலவை. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. ஓட்டமும் கொண்ட இந்த 346 சிசி இன்ஜின் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்தது. 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா வழியாகத் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. அதன் இரண்டு உலோகங்களும் ஒரே மழையில் நனைந்தவை, ஒரே உப்புக்காற்றைத் தின்றவை. துருப்பிடிப்பதில் மட்டும் இரண்டும் நேரெதிர்.

இரும்பு துருவாகும்போது ஊதுகிறது. இழந்த இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைத் துரு பிடித்துக்கொள்வதால் அது உலோகத்தோடு ஒட்டி நிற்பதில்லை. பொருக்குப் பொருக்காக உதிர, அடியில் புது இரும்பு காற்றுக்கு அகப்படுகிறது. அலுமினியமும் ஆக்சிஜனைக் கண்டால் சும்மா இருப்பதில்லை; இரும்பைவிட ஆவேசமாகவே சேரும். ஆனால் அதன் ஆக்சைடு இறுக்கமாக, இடைவெளி இல்லாமல் படிகிறது. சில நானோமீட்டர் கனம் வந்ததும் ஆக்சிஜனுக்கு உள்ளே போக வழியில்லை. கீறினால், கீறிய கணத்திலேயே புதுத் தோல் வந்துவிடும். அந்தத் தோல் லேசுப்பட்ட பொருள் அல்ல. அலுமினியம் ஆக்சைடு படிகமானால் குருந்தக்கல்; அதில் துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம்.

அப்படியானால் வெள்ளைப் பொடி எங்கிருந்து வந்தது? கடற்காற்றின் உப்பில் இருக்கும் குளோரைடு இந்தத் தோலைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கிறது. துளையில் ஈரம் தங்கினால் அலுமினியம் ஹைட்ராக்சைடு வெள்ளையாகப் பொங்கும்.

சுத்தம் செய்வதில் பெரிய வித்தை இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு எண்ணெயில்தான் கரையும் என்பதால் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போதும். பிறகு சோப்புத் தண்ணீர், நல்ல வெயில். (பெட்ரோல் வேண்டாம். அதன் ஆவி தரையோடு தவழ்ந்துபோய் எங்கோ எரியும் அடுப்பைத் தேடிப் பிடிக்கும்.) காஸ்டிக் சோடாதான் பலரைக் கவிழ்க்கும். இரும்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். அலுமினியத்தின் தோலையோ அது கரைத்துவிடுகிறது. காவல் போனதும் உலோகமே கரையத் தொடங்கி, சூடேறி, ஹைட்ரஜன் வாயு நுரையாகக் கிளம்பும். கலவையில் இருந்த செம்பும் சிலிக்கானும் கரையாமல் கருமையாகப் படியும். ‘டிகிரீசர்’ என்று விற்கும் திரவங்கள் சிலவற்றிலும் இந்தக் காரம் உண்டு; லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுவது நல்லது. கம்பி பிரஷ்ஷும் அப்படித்தான். இரும்புக் கம்பி அலுமினியத்தில் விட்டுச்செல்லும் துணுக்குகள் அடுத்த மழையில் செம்புள்ளிகளாக முளைக்கும்.

பாலிஷ் போடுவது மேலே படிந்த ஆக்சைடை எடுக்கத்தான் என்று பொதுவாக நினைக்கிறோம். எடுக்கவே முடியாது, கை எடுப்பதற்குள் அது திரும்ப வந்துவிடும். எடுக்கவும் தேவையில்லை, அது கண்ணாடிபோலத் தெளிவானது. காவலூர் வானாய்வகத்தில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடிக்குப் பூச்சு அலுமினியம்தான். நட்சத்திர ஒளி அந்த ஆக்சைடுத் தோல் வழியாகத்தான் போய்த் திரும்புகிறது. இன்ஜின் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் மேடுபள்ளம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய அரை மைக்ரான். அதைவிடப் பெரிய பள்ளங்கள் இருந்தால் ஒளி பல பக்கம் சிதறி, பரப்பு சாம்பலாகத் தெரியும். பள்ளங்கள் அதில் சிறு பங்காகச் சுருங்கினால் அதே உலோகத்தில் முகம் பார்க்கலாம்.

400 எண் உப்புத்தாளின் மணல் சுமார் 35 மைக்ரான். 1200-க்குப் போனால் 15. ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழித்து, தன் கீறலை விட்டுச்செல்கிறது. அதனால்தான் அனுபவசாலிகள் தாளை மாற்றும்போது திசையையும் குறுக்கே மாற்றுவார்கள். பழைய கீறல் மிச்சமிருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். அவசரப்பட்டு ஒரு எண்ணைத் தாண்டினால், அந்தக் கீறல் கடைசிப் பளபளப்புக்கு அடியிலிருந்து எட்டிப்பார்க்கும். முடிவில் பஃபிங் சக்கரத்தில் தேய்க்கும் வெள்ளைக் கட்டி என்ன? மெழுகில் குழைத்த அலுமினியம் ஆக்சைடு. அலுமினியத்தை அதன் துருவைக் கொண்டே மெருகேற்றுகிறோம்! சாணைக்கல் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் ஆலையும் புல்லட் வந்து சேர்ந்த திருவொற்றியூரிலேயே இருப்பது தற்செயல்தான் என்றாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

ஒரு எச்சரிக்கை. அலுமினியத் தூளும் இரும்புத் துருத் தூளும் கலந்தது தெர்மிட். தண்டவாளத்தைப் பற்றவைக்கப் பயன்படும் கலவை. ஒரே சக்கரத்தில் இரண்டையும் தேய்த்துத் தூளைச் சேரவிடக் கூடாது. இன்னொன்று, என் விருப்பம் சார்ந்தது: கிரான்க் கேஸை விட்டுவிடுங்கள். வார்ப்பின் சொரசொரப்போடு வந்தது அது, பக்கவாட்டு மூடிகள் மின்னினால் போதும். வார்ப்பு எழுத்துகள் வழித்துப்போன இன்ஜினைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும்.

சிலிண்டர் கதை வேறு. சொந்தத் தோல் இல்லாத இரும்புக்கு நாம்தான் ஒன்று போர்த்த வேண்டும். சாதாரண எனாமலின் கார்பன் சங்கிலிகள் இன்ஜின் சூட்டில் அறுந்து, பெயின்ட் பழுத்து உரியும். சூடு தாங்கும் பெயின்ட்டில் இருப்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. அந்தப் பிணைப்பு கார்பன் பிணைப்பைவிட வலுவானது. அடித்துக் காயவைத்தால் மட்டும் அது இறுகாது. இன்ஜினை ஓட்டிச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி இன்னும் கொஞ்சம் சூடேற்ற வேண்டும். அப்போது புகையும் நாற்றமும் வருவது இயல்பு.

கறுப்பு அடித்தால் சூடு சீக்கிரம் ஆறும் என்பது பட்டறைப் பேச்சு. வெற்று உலோகத்தோடு ஒப்பிட்டால் சரி. ஆனால் 150 டிகிரிச் சூட்டில் இன்ஜின் வீசுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அந்த அலைநீளத்தில் வெள்ளை பெயின்ட்டும் கிட்டத்தட்டக் ‘கறுப்பு’தான், கறுப்பு வீசுமளவுக்கு அதுவும் வீசும். சில்வர் பெயின்ட் மட்டும் பின்தங்கும், அதிலிருப்பது அலுமினியத் துகள். போதாததற்கு, ஃபின்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்பதால் ஒன்று வீசும் சூட்டைப் பக்கத்து ஃபின் வாங்கிக்கொள்கிறது. ஓடும் வண்டியின் சூட்டில் பெரும்பங்கை எடுத்துப்போவது காற்று. ஆகவே நிறம் உங்கள் இஷ்டம், கனம் இஷ்டமல்ல. தடித்த பெயின்ட் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும், மெல்லிய இரண்டு பூச்சு போதும்.

கேஸ்கெட் உட்காரும் முகங்களையும் நட்டுகள் அமரும் இடங்களையும் டேப் ஒட்டி மூடிவிட்டுத்தான் ஸ்பிரேயைத் தொட வேண்டும். நட்டுக்கு அடியில் சிக்கிய பெயின்ட் சூட்டில் இளகி நசுங்கும். ஹெட் நட்டுகளின் இறுக்கம் தளரும். இரும்பும் அலுமினியமும் சேரும் அந்தக் கோட்டிலிருந்தே எண்ணெய் கசியும்.